தொட்டையன் கொட்டாய்: வீட்டுக் கணக்கு

முதல் கணக்கெடுப்பில் இந்த இடமே இல்லை.
தாது வருஷப் பஞ்சம் கழிந்து வந்த அடுத்ததில்
ஒரே வரி:
காவல் கொட்டாய் ஒன்று, ஆள் ஒன்று.
நாயை எழுத அன்றும் கட்டம் கிடையாது.

கேழ்வரகு கதிர் பிடிக்கும் மாசத்தில்
பன்றி விரட்ட மேடேறி வந்தவன் தொட்டையன்.
அறுப்பு முடிந்தும் இறங்கவில்லை.
ஏன் என்று கேட்டால்
கடன் என்றார்கள், பொண்ணு விவகாரம் என்றார்கள்,
பாலக்கோட்டில் எவனையோ வெட்டிவிட்டான் என்றார்கள்.
"ஊத்துத் தண்ணி ருசி சார். அதான் நின்னுட்டான்"
என்றார் ரேஷன் கடை மாதப்பன்.
ஊத்து எங்கே என்றேன்.
அது அவருக்கும் தெரியவில்லை.
இப்போது எல்லா வீட்டிலும் ஒகேனக்கல் குழாய்.

பின்னால் மூன்று குடும்பம், ஆட்டுப் பட்டியோடு ஒன்று.
கிணறு வெட்டினார்கள், பதினாறு முழத்தில் பாறை.
தள்ளி இன்னொன்று வெட்டினார்கள்,
அங்கேயும் அதே பாறை.
காலராவில் பாதி போனது,
பெண் எடுத்ததில் பாதி திரும்பி வந்தது.
ஒன்பது வீடு இருந்தபோது
இரண்டு மாரியம்மன் திருவிழா நடந்திருக்கிறது,
ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே மேளக்காரன்,
அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம்
ஓடி ஓடி அடித்திருக்கிறான்.

தார்ரோடு வார்டு மெம்பர் தோட்டத்து வளைவோடு நின்றது.
பஸ் அதற்குமேல் ஏறாது.
கொட்டாய் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று
பெயரை மாற்ற மனு போயிருக்கிறது:
'தொட்டையப்பா நகர்'.
கையெழுத்துப் போட்ட எழுபது பேரில்
ஒருவர்கூட அவன் வம்சம் இல்லை.
நாலாம் வருஷம் ஒரு விடிகாலை
நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனவன்தான்.
கொட்டாய் மட்டும் நின்றது.

சாக்பீஸால் கதவுகளில் எண் எழுதுகிறேன்.
ஐம்பத்தெட்டு கதவு. இருபத்து மூன்றில் பூட்டு.
ஓசூர், பொம்மசந்திரா, திருப்பூர் என்று
லகுமம்மா பூட்டு பூட்டாகத் தொட்டுச் சொல்கிறாள்.
விதிப்படி பூட்டும் வீடுதான்.
ஆள் என்று எழுத முடியாது.

கடைசி வீடு தாண்டி, தக்காளித் தோட்டத்து ஓரம்
ஒரு நீலத் தார்ப்பாய்.
கிலோ நூறைத் தொட்டதிலிருந்து
ராத்திரியில் சாக்கோடு வருகிறார்களாம்,
காவலுக்கு ஆள் வைத்திருக்கிறார் தோட்டக்காரர்.
புதுராம் மாஜி, ஒடிசா, வயது இருபத்தாறு.
தார்ப்பாயில் சாக்பீஸ் பிடிக்கவில்லை,
டிரம்மில் எழுதினேன்: 59.
நல்ல வெயில். ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினான்.
குழாய் இதுவரைக்கும் வரவில்லையே என்றேன்.
புதர்ப் பக்கம், இரண்டு பாறைக்கு நடுவே
கை காட்டினான்.

குடித்தேன்.
இன்னொரு டம்ளர் கேட்டேன்.