பதினாறின் மடங்கு

எமல்டா தந்த பென்டிரைவில்
பதினொரு கதை.
கஸ்தூரியார் வீதி அச்சகத்தில்
பக்கம் வடிவமைக்கிறவன் நான்.
வாசிப்பது என் வேலையில்லை,
என்றாலும் எழுத்து கண்ணில் படும்.

முதல் கதை
மாநகரசபைக்கு ஒரு முறைப்பாடு:
ஐயா, எங்கள் ஒழுங்கையில் ஒரு நாய்
இரவில் ஆட்களின் பெயர் சொல்லிக் குரைக்கிறது.
இரண்டாவதில் ஆளே இல்லை.
ஒரு நகை அடைவு ரசீதும்
அதன் பின்பக்கம் பென்சிலால் போட்ட கணக்கும்தான்.
மூன்றாவது
நாற்பத்தொரு பக்கம் ஓடி
பாசையூர் மீன் சந்தையில்
ஒரு நண்டுக்கு விலைபேசி முடியாமலே நிற்கிறது.
நாலாவது மூன்று வரி.
"மிச்சம் எங்கை?" என்று போனில் கேட்டேன்.
"அவ்வளவுதான். மூண்டாவதிலை கனக்கக் கதைச்சிட்டன்,
வாசிக்கிற ஆள் கொஞ்சம் மூச்சு விடட்டும்."

ஆறாவதைத் திறந்தபோது
கணினி பழுதென்று நினைத்தேன்.
முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை,
எங்கும் கேள்விக்குறி.
விசா நேர்முகத்தில் கேட்ட கேள்விகள் மட்டும்,
பதில் ஒன்றும் இல்லை.
கடைசிக் கேள்வி: தண்ணீர் வேண்டுமா?
அன்று என் சாப்பாட்டுப் பொதி
மூன்று மணிவரை அவிழ்க்காமல் கிடந்தது.

எட்டாவதைச் சொல்வது மின்மானி.
வீட்டில் ஆள் குறையக் குறைய
அதன் சக்கரம் மெல்லச் சுற்றுகிறது.
யார் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்று அதற்குத் தெரியாது,
அலகு மட்டும் தெரியும்.

முதலாளி சோதி அண்ணை அச்சுப்படியைப் புரட்டினார்.
"ஒரே ஆள்தானே எழுதினது?
ஒண்டு அழுகுது, ஒண்டு பகிடி விடுகுது,
ஒண்டு கணக்குப் பாக்குது.
வாசிக்கிறவன் எந்தக் கதவாலை உள்ளுக்கு வாறது?"
எமல்டா ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிறவள்.
"அண்ணை, விடிய எண்பது குழாய் வரும்,
எல்லாம் சிவப்புத்தான்.
ஒண்டின்ரை சீனியை மற்றதுக்கு எழுதினால்
ஆள் முடிஞ்சுது."
அவர் பிறகு கதவைப் பற்றிக் கேட்கவில்லை.

நாவல்களும் அமைத்திருக்கிறேன்.
முதல் அறையில் தொங்கும் பூட்டுக்குக்
கடைசி அறையில் திறப்பு இருக்கவேண்டும்.
இதுவோ பஸ் நிலையம்.
காரைநகர் பஸ்ஸில் ஏறியவன்
கொடிகாமத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை,
இறங்கி வந்து அதிலும் ஏறலாம்.

வில்லங்கம் கதையில் வரவில்லை, தாளில் வந்தது.
மொத்தம் நூற்றிருபத்துநாலு பக்கம்.
தாள் பதினாறு பதினாறாகத்தான் மடியும்,
எண்பதினாறு நூற்றிருபத்தெட்டு.
நாலு பக்கம் வெறுமை.
"நகைக்கடை விளம்பரம் போடுவம்" என்றார் சோதி அண்ணை.
"உங்கடை படம் போடுவம்" என்றேன் நான்.
எமல்டா கைப்பையைக் கதிரையில் மாட்டினாள்.
"பேனை தாங்கோ."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது.
கழிவுத்தாளின் பின்பக்கத்தில்
போன் வெளிச்சத்தில் எழுதினாள்.
பாண்கார ஓட்டோ பாட்டுப் போட்டபடி
இரண்டு தரம் வீதியால் போனது.
அவள் தலை நிமிரவில்லை.

பன்னிரண்டாவது கதையில்
ஒரு பக்க வடிவமைப்பாளன் வருகிறான்.
என் பெயர் இல்லை.
என் இடதுகால் இழுவை இருந்தது,
தேத்தண்ணிக் கறை படிந்த என் விசைப்பலகை இருந்தது.
மூன்றாம் பக்கத்தில் அவன் செத்துப்போகிறான்.
நாலாம் பக்கத்தில் வேலைக்கு வருகிறான்.
ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

நான்தான் தட்டச்சுச் செய்தேன்.
என் சாவுக்குள் ஒரு சந்திப்பிழை.
ஒற்றுப் போட்டுத் திருத்தினேன்.
சாவில் கைவைக்கவில்லை,
எனக்கு அதற்கு உரிமையில்லை,
அது நல்லாயும் இருந்தது.

கட்டி வந்த முதல் பிரதியைச்
சோதி அண்ணை பின்னாலிருந்து திறந்தார்,
நான் வேலைக்கு வருகிற பக்கத்தில்.
வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த என்னை
ஒருதரம் வடிவாகப் பார்த்துவிட்டு
ஒரு பக்கம் முன்னுக்குப் புரட்டினார்.