கொட்டலசு

ஐந்து முறை தோற்ற பேப்பர் அது,
ஃபுளூயிட் மெக்கானிக்ஸ்.
அரியரை முடிக்க இன்னும் ஒரே வாய்ப்பு என்று
குறுஞ்செய்தி வந்த காலையில்
காசிமேட்டில், மேடேற்றிய விசைப்படகின் அடியில்
மல்லாந்து கிடந்தேன்.
கையில் சுரண்டி, இமையில் உப்பு,
பல்லிடுக்கில் பழைய பெயிண்ட்.

தேசிங்கு அண்ணன் டீசல் சீட்டோடு குனிந்தார்.
"போன நடையவிட எம்பது லிட்டர் ஜாஸ்தி குடிச்சிருக்கு.
இன்னாத்துக்குன்னு சொல்லு பாப்போம்."

சொல்லத் தெரியும் எனக்கு.
எழுதத்தான் வராது.

படகைத் தொடும் நீருக்குத் தனி நடை கிடையாது.
பலகையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.
மயிரிழைக்கு அப்பால் உள்ளது கொஞ்சம் பின்தங்கும்,
அதற்கும் அப்பால் உள்ளது இன்னும் கொஞ்சம்.
நாலு முழம் தள்ளியிருக்கும் நீருக்குப்
படகு போன சேதியே தெரியாது.

அணியத்தின் முனையில் இந்த அடுக்குகள்
ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்,
எம்.சி. ரோட்டுக் கடையில்
யாரும் இன்னும் பிரித்துப் பார்க்காத புடவைகள் மாதிரி.
சற்றுப் பின்னால் பார்த்தால்
ஆடித் தள்ளுபடி, ஞாயிற்றுக்கிழமை.

நடுவில் என்ன ஆனது?

பெரிதாய் ஒன்றும் வேண்டாம்.
எஞ்சினின் ஒரு இருமல்,
ஆணியின் தலை,
அரிசியளவு ஒரு கொட்டலசு.
அடுக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத அலை எழும்,
பெரும்பாலும் அடங்கிவிடும்.
அடங்காத ஒன்று வளர்ந்து, முறுக்கி,
எங்கோ ஓரிடத்தில் ஒரு புள்ளியாய்த் தெறிக்கும்.
போகப் போக அம்புமுனையாய் அகலும்.
அது கடந்த பின் அங்கே கொஞ்ச நேரம் அமைதி,
கண்ணாடியை உடைத்துவிட்டுப் புத்தகம் விரித்த பிள்ளை போல.
அதற்குள் இன்னொரு புள்ளி.
இன்னொன்று.
பிறகு புள்ளிகளுக்கு இடையில் இடமே இல்லை.

எங்கே தெறிக்கும் என்பதற்குப் புத்தகம் ஓர் எண் தருகிறது,
ஐந்து லட்சம்.
அதற்கு அலகு இல்லை. மீட்டரில்லை, லிட்டரில்லை.
தேசிங்கு அண்ணனின் கடனும் ஐந்து லட்சம்தான்,
அதற்கு அலகு உண்டு, வட்டியும்.

இந்தப் படகின் நடைக்குக் கணக்குப் போட்டால்
அணியத்திலிருந்து ஒரு சாண்.
ஒரு சாண்தான் ஒழுங்கு.
மீதி ஐம்பது அடியும், அமரம்வரை, அமளி.
நான் சுரண்டுவது அமளியை நிறுத்த அல்ல.
பலகையைக் கடித்துத் தொங்க
அதற்கு ஒரு மேடு கிடைக்காதிருக்க.

அண்ணனிடம் சொன்னது இவ்வளவு:
"கொட்டலசுண்ணே."
"அத்தத்தான் நானும் சொல்றேன்" என்று போனார்.

புத்தகத்தில் நான் நம்பாத வரி ஒன்றுண்டு.
வளைவு வந்தால் வழுக்கிச் செல்லும் நீர்
சீக்கிரம் கழன்றுவிடுமாம்.
அமளியான நீர்தான் வெளியிலிருந்து வேகத்தை
உள்ளே இழுத்து இழுத்துப் போட்டு
இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு போகுமாம்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டில்
யாரும் குரல் உயர்த்தியதில்லை.
அப்பாவின் கம்பெனி மூடிய மாதம்
மூன்று ஊராய்ப் பிரிந்தோம்,
அதையும் சத்தமில்லாமல்.
எதிர்வீட்டு பஞ்சவர்ணமும் மாசிலாமணியும்
குழாயடிவரை கேட்கச் சண்டை போடுவார்கள்.
இருபத்தெட்டு வருஷமாய்
ஒரே தட்டில் வஞ்சிரம்.

இதை விடைத்தாளில் எழுத முடியாது.

வியாசர்பாடியில் தேர்வு.
முதல் கேள்வி, இரண்டு மதிப்பெண்:
எல்லைப்படலம் என்றால் என்ன?
கரண்ட் போனது.
தலைக்குமேல் மின்விசிறி மெதுவாய் நின்றது.
இறக்கையின் விளிம்பில்
மணலிக் காற்றின் கருந்தூள், விரல் தடிமன்.
நாளெல்லாம் அவ்வளவு வேகத்தில் சுற்றியும்
உதிராமல் இருந்தது எப்படி என்று
ஆறு வருஷத்தில் ஒருமுறையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நகக்கண்ணில் இன்னும் கொட்டலசின் வெள்ளை.

கரண்ட் வந்தது.
இறக்கை சுற்றியது.
தூசி இருந்த இடத்திலேயே இருந்தது.