அரை ஸ்டாப்

"காட்டு" என்றார் எலேயுத்தேரியோ பாரியெந்தோஸ்,
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.
கேமராவைத் திருப்பிக் காட்டினேன்.
முதுகில் திரை இல்லை.
ஃபிலிம் டப்பாவிலிருந்து கிழித்துச் செருகிய
அட்டைத் துண்டு மட்டும்.
அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு
"நன்றாக வந்திருக்கிறது" என்றார்,
முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல்.

ஏப்ரல். மணி ஏழே முக்கால்.
சீலே சீக்கோ போகும் படகுக்கு ஒன்பதரைக்கு
நான் டிக்கெட் கவுன்டரைத் திறந்தாக வேண்டும்.
முக்காலிக்குக் கீழே ஒரு பை கல்லைத் தொங்கவிட்டிருந்தேன்;
எங்கள் பக்கம் காற்றுக்கு விடுமுறை கிடையாது.

செர்ரோ காஸ்தியோவின் கொம்புகளில் வெயில் ஏறும்போது
பள்ளத்தாக்கு இன்னும் விடிந்திருக்காது.
மீட்டரைப் பனிக்கு நீட்டினேன், பிறகு அவர் வீட்டுக்கு.
நடுவே ஆறு ஸ்டாப்.
இந்த ஸ்லைடு ஃபிலிமின் கைக்குள் ஐந்துகூட அடங்காது.
வீட்டைக் காப்பாற்றினால்
மலை வெந்து வெற்றுக் காகிதமாகும்.
மலையைக் காப்பாற்றினால் வீடு போகும்.
அரை ஸ்டாப் பிசகினாலும் மன்னிப்பு இல்லை.
எதை இருட்டுக்குக் கொடுப்பது என்பதை
முன்கூட்டியே, நின்ற இடத்திலேயே, முடிவு செய்ய வேண்டும்.

ஆட்டு ரோமம் ஏற்றிப் போகும் அன்செல்மோ
லாரியை நிறுத்தி இறங்கி
போனில் ஒன்று எடுத்தான்.
அதில் மலை இருந்தது, வீடு இருந்தது,
கூரைத் தகரத்தின் துருவும் இருந்தது,
நாயும் இருந்தது.
புன்த்தா அரேனாஸில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினான்.
அவள் ஓர் இதயம் திருப்பி அனுப்பினாள்.
நான் இன்னும் ஷட்டரைத் தொடவில்லை.
நல்ல படம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

"என் வீடு வருமா?"
சற்று முன்பு வ்யூஃபைண்டருக்குள் குனிந்து பார்த்து
மலை தப்பான பக்கத்தில் இருக்கிறதென்று
குறை சொன்ன அதே எலேயுத்தேரியோ.
வரும், என்றேன். கறுப்பாக.
பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார்.
கோபம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டில் பதினொன்று போயிருந்தது.
மேகம் விலகியது.
குனிந்தபடியே கேபிளை அழுத்தினேன்.
இரண்டு விநாடி.
கண்ணாடி எழும்ப, வ்யூஃபைண்டர் இருண்டது.
அந்த இரண்டு விநாடியில் பள்ளத்தாக்கு என்ன செய்தது என்று
ஃபிலிமுக்குத் தெரியும்,
எனக்குத் தெரியாது.

எக்ஸ்ரே வேண்டாம் என்று பொட்டலத்தில் மூன்று இடத்தில் எழுதி
கொய்யாய்க்கே பஸ்ஸில் ஏற்றினேன்.
லேப் சாந்தியாகோவில்.
பத்தொன்பது நாள்
டிக்கெட் கிழித்தேன், மாட்டு லாரிகளை எண்ணினேன்,
ஏரி அலை பெரிதென்று படகு இரண்டுமுறை நின்றது.
படம் அற்புதமாக வந்திருந்தது.
படம் பாழாகியும் இருந்தது.
இரண்டையும் நம்பிக்கொண்டுதான் தூங்கினேன்.

வந்ததும் கவுன்டர் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.
பனி பிழைத்திருந்தது,
ரோஜா நிறத்துக்கு அடியில் கொஞ்சம் ஊதா ஓட.
பள்ளத்தாக்கு மையிருட்டு, நான் போட்ட கணக்குப்படியே.
அதன் நடுவில் கணக்கில் வராத ஒன்று:
கடுகில் பாதி. மஞ்சள்.
தூசி என்று ஊதிப் பார்த்தேன், போகவில்லை.
லூப்பை வைத்தேன்.
ஜன்னல்.

விளக்கேற்றத்தான் போயிருக்கிறார் மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வானத்துக்கு நேரே பிடித்து
"இப்போதும் மலை தப்பான பக்கம்" என்றார்.
வாங்கித் திருப்பிக் கொடுத்தேன்.
உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சதுரத்துக்குள்
தன் வீட்டைத் தேடிக்கொண்டே இருந்தார்.
கண்டுபிடித்ததைச் சொல்லவில்லை.
நடுங்கிக்கொண்டிருந்த கை நின்றதில் தெரிந்தது.

"அன்றைக்கு மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது"
என்று மட்டும் சொல்லிவிட்டு
மாத்தே டீக்கு வெந்நீர் வைக்கப் போனார்.

மேகத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை.
துடைக்கும் துணி பையில்தான் இருந்தது,
ஏதோ ஒரு மடிப்பில்.