கோல்டனில் பாதை மூடிய இரவு

பள்ளம் சரி.
அதன் வாலில் ‘தாக்கு’ எதற்கு?
யார் யாரைத் தாக்கினார்கள் என்று
கோல்டன் ஊரின் லொறித் தரிப்பிடத்தில்
இரவு ஒன்றரைக்கு யோசித்துக்கொண்டிருந்தேன்.
முன்னே மலையிடுக்கில் பாறை விழுந்து பாதை மூடியிருந்தது.
பின்னே என் பெட்டியில் கெலோனாச் செர்ரி, இருபது தொன்.
குளிரூட்டி டீசல் குடித்தபடி.

பள்ளத்தாக்குகளை நான் கியரால் அறிகிறவன்.
இந்த இடுக்கில் நாலாம் கியர், பிரேக் கருகும் வாசம்,
ஒரு கண்ணாடியில் பாறை,
மறு கண்ணாடியில் ஒன்றுமில்லை.
அதைத் தாண்டி பான்ஃப் பக்கம் இறங்கிவிட்டால்
நிலம் ‘ப’ எழுதியதுபோல் கிடக்கும்:
நேரே இரண்டு சுவர், நடுவே தட்டைத் தரை.
காலைத் தளர்த்திவிட்டுப் பாட்டுக் கேட்கலாம்.

எல்லாம் ஆறு செய்த வேலை என்றான் ஹர்கீரத்.
பக்கத்து மேசையில், சேறு காயாத சப்பாத்தோடு,
ப்ரோன்வின் திரும்பினாள்.
கயிற்றில் தொங்கி, விழப்போகும் கற்களை
முந்திக்கொண்டு நெம்பித் தள்ளுவது அவள் தொழில்.
கேட்காமலே அவன் தட்டை இழுத்தாள்.

மசித்த உருளைக்கிழங்கில் கத்தியால் ஒரு கீறல்:
“ஆறு. அவசரக்காரி. கீழே மட்டும் பார்ப்பாள்.”
கரண்டியை அமுக்கி மெல்ல இழுத்தாள்:
“பனி. கீழேயும் தோண்டும், பக்கமும் தின்னும்.”

அப்படியென்றால் இந்த ஊர்? இவ்வளவு நீளப் பள்ளம்?

ஒட்டிப் போட்டிருந்த இரண்டு மேசைகளின் நடுக்கோட்டில்
ஒரு காகிதத் துவாலையை விரித்து
மேசைகளை விலக்கினாள்.
கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
துவாலை தொய்ந்தது. இறங்கியது.
“இங்கே யாரும் தோண்டவில்லை.
ஆறு பிறகு வந்து குடியேறியது.”

ஹர்கீரத் சிரித்தான்.
பிரம்டனில் ஒரு மனு கிடக்கிறது.
காரணம் என்ற கட்டத்தில்
‘ஓராண்டுக்கு மேலாகப் பிரிந்து வாழ்தல்’.
அடித்ததில்லை, ஏசினதில்லை, வேறொரு ஆளும் இல்லை.
மாதத்தில் இருபத்திரண்டு நாள் நான் வீதியில்,
தமயந்தி இரவுப் பணியில்.
கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
வக்கீல் நம்பவில்லை:
இவ்வளவு பள்ளம், ஒருவரும் தோண்டாமலா?
வெறும் பள்ளம், ஐயா. தாக்கு இல்லை.

நாலரைக்குத் திறந்தார்கள்.
விளக்கொளியில் உடைந்த பாறையின் புதிய முகம்
அப்போதுதான் பல் தேய்த்ததுபோல்.
கீழே ஆறு வெட்டுவது கேட்டது. தெரியவில்லை.

ஃபீல்ட் தாண்ட விடிந்தது.
பெரிய சுவரின் பாதி உயரத்தில்
இன்னொரு பள்ளத்தாக்கு, வாசல் அறுந்து, அந்தரத்தில்.
கோப்பிக்குக் காசு கொடுக்கும்போது
அதையும் சொல்லியிருந்தாள் ப்ரோன்வின்:
சின்னப் பனியால் பெரிய பனியளவு தோண்ட முடியாது.
மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மட்டம்.
பெரியது உருகிப் போன பிறகுதான்
சின்னது எவ்வளவு உயரத்தில் விடப்பட்டது என்று தெரியும்.
அங்கிருந்து தண்ணீர் குதிக்கத்தான் வேண்டும்.

லொறியை ஓரங்கட்டினேன்.
பிரம்டனில் இப்போது ஏழரை.
ஆரூரனுக்கு ஒன்பது வயது. எழும்பியிருப்பான்.

“அங்க என்ன சத்தம், அப்பா?” என்றான்.
“தண்ணி” என்றேன்.