குடும்பப் பெயர்

ஆம்பூரில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறும்போது
இன்னும் விடியவில்லை.
மடியில் நீல ஃபைல்.
அதற்குள் என் கல்யாணம்
ஜெர்மன் மொழியில் இருக்கிறது.
மொழிபெயர்த்தவர் பக்கத்துக்கு எழுநூறு வாங்கினார்,
முத்திரைக்குத் தனி.

சென்ட்ரலில் ஆட்டோக்காரரிடம்
விசா ஆபீஸ் என்றதும்
எந்த நாடு என்று கேட்டார்.
சொன்னேன்.
"குளிருமே சார்" என்றார்,
இருபது ரூபாய் கூடக் கேட்பதற்கு முன்னால்.

கண்ணாடிக் கட்டடத்துக்குள் பை கூடாது, போன் கூடாது,
டிபன் பாக்ஸ் கூடவே கூடாது.
எதிர்ச்சாரியில் டீக்கடை லில்லிபாய்
ஐம்பது ரூபாய்க்கு எல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறார்.
சீட்டுக்கட்டில் ஒன்றைக் குறுக்கே வெட்டி
பாதியை டோக்கனாகத் தருகிறார்.
எனக்கு இஸ்பேட் ராணி.
மேலேயும் தலை, கீழேயும் தலை.
எந்தப் பாதி என் கையில் என்பது
அவருக்குத்தான் தெரியும்.

போட்டோவில் காது தெரியவில்லையென்று
வாசலிலேயே திருப்பினார்கள்.
அதற்கென்றே பக்கத்துச் சந்தில் ஒரு ஸ்டூடியோ.
"சிரிக்காதீங்க" என்றான் பையன்.
நான் சிரிக்கவில்லை.
"இல்ல, கண்ணுல சிரிக்கிறீங்க."
எட்டுப் பிரதி, இருநூறு ரூபாய்.

பிறகு நாற்காலி.
பக்கத்தில் ஒரு பெண்
உதட்டுக்குள் வினைச்சொற்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.
நானும் உருட்டியவன்தான்.
மூன்றாம் தடவை, அறுபத்து நாலு மார்க்.

"மிஸ்டர் மாசிலாமணி."
யாரும் எழவில்லை.
மறுபடியும், மிஸ்டர் மாசிலாமணி.
நான் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தேன்,
அப்பா எங்கே என்று.

அப்பா போய் ஒன்பது வருஷம்.
ரேஷன் கார்டிலிருந்து அவரை நீக்க
தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்தவன் நான்.
எங்கள் ஊரில் அவர்
ஓர் எழுத்து, ஒரு புள்ளி.
என் பெயருக்கு முன்னால்
இடம் அடைக்காமல் உட்கார்ந்திருப்பார்.
இவர்கள் படிவத்திலோ இரண்டு கட்டம்.
இரண்டையும் நிரப்ப
அவரை முழுசாக எழுப்ப வேண்டியிருந்தது.

ஹெப்சிபாவும் பாஸ்போர்ட்டில் அதையே போட்டுக்கொண்டாள்.
முதியோர் இல்லத்தில் கட்டிலுக்குக் கட்டில்
ஃப்ராவ் மாசிலாமணி, தண்ணீர்.
ஃப்ராவ் மாசிலாமணி, ஜன்னல்.
தோல் ஷாப்புக்கும் வீட்டுக்கும் நடுவே
ஒரே தெருவில் நடந்து தீர்ந்த மனுஷன்.
மருமகளைப் பார்த்ததுகூட இல்லை.

கவுன்டர் நான்கு.
கல்யாணப் படங்கள் பன்னிரண்டையும் விரித்துவிட்டு
"ரெண்டு பேர் மட்டும் இருக்கற மாதிரி இல்லையா?" என்றார் அந்த அம்மாள்.
போதகர், சித்தப்பா, யாருடையதோ குழந்தை,
வீடியோக்காரரின் குடை.
ஃபைலின் அடியில் ஒன்று கிடைத்தது.
மீனம்பாக்கத்தில் அவளை அனுப்பிய இரவு,
அவள் பாதி முகம், என் காது, என் கட்டைவிரல்.
அதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

விரலை மெஷின் எடுக்கவில்லை.
பதினெட்டு வருஷத்துக் குரோம் தொட்டி
ரேகையைத் தின்றிருக்கிறது.
"நெத்தியில தேய்ச்சிட்டு வைங்க" என்றார் செக்யூரிட்டி.
தேய்த்தேன். பச்சை விளக்கு.
தேய்த்தேன். பச்சை.
இடது மோதிர விரல் மட்டும்
கடைசிவரை வரவே இல்லை.
ஒன்பது போதும் என்று எழுதிக்கொண்டார்கள்.

லில்லிபாய் பாதிச் சீட்டைப் பொருத்திப் பார்த்துவிட்டுப்
பையைத் தந்தார்.
எலுமிச்சை சாதம் லேசாக வாடை வந்திருந்தது.
சென்ட்ரலில் நின்றபடியே தின்றேன்.

"முடிஞ்சுதா?" என்று அனுப்பியிருந்தாள்.
மாசிலாமணி உள்ளே போயிட்டார்,
நான் இன்னும் வெளியே நிக்கிறேன் என்று தட்டினேன்.

அரக்கோணம் தாண்டித்தான் பதில் வந்தது:
"கோட்டு தள்ளுபடியில போட்டிருக்கான்.
தோள் அளவு சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை.
பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் முதுகைக் காட்டினேன்.
சாண் போட்டார்.
ரெண்டு சாண், நாலு விரல் என்றார்.
பெரிய கை அவருக்கு.
அதையும் சேர்த்தே அனுப்பினேன்.