பதினேழாம் எண்

தரமணி. இரவு ஒன்றே முக்கால்.
ஏ.சி. சொட்டுகிற இடத்தில்
யாரோ வைத்த பெயின்ட் டப்பா
பாதி நிறைந்திருக்கிறது.
நுண்ணோக்கி அறையில் விளக்கு கிடையாது.
கண்ணாடித் தட்டில்
எலிக்குட்டியின் மூளையிலிருந்து எடுத்து வளர்த்த
நட்சத்திரச் செல்கள் நாற்பத்தொன்று.
ஒவ்வொன்றையும் திரையில் வட்டமிட்டு
எண் கொடுத்திருக்கிறேன்,
ரேஷன் வரிசைக்கு டோக்கன் கொடுப்பதுபோல.

இன்றைக்கு எதையும் சேர்ப்பதாக இல்லை.
கால்சியம் நீக்கிய கரைசல், வெறும் ஒப்பீட்டு ஓட்டம்.
கொட்டாவி வந்தது. கை அசைந்தது.
கண்ணாடிக் குழாயின் நுனி
மூன்றாம் எண்ணைக் கிழித்துவிட்டது.

செத்தது சத்தம் போடவில்லை.
மடியிலிருந்த ஏ.டி.பி. சிந்தியது, அவ்வளவுதான்.
சுவருக்குள் இருந்தவரை அது சில்லறை,
எல்லா வேலைக்கும் எண்ணிக் கொடுக்கிற
அன்றாடக் கூலி.
சுவருக்கு வெளியே விழுந்தால்
அதே சில்லறைக்கு
ஐயோ என்று பொருள்.

பக்கத்துச் செல்லின் சவ்வில்
ஏழு முறை உள்ளும் புறமும் ஓடிய தையல்போல
ஓர் ஏற்பி உட்கார்ந்திருக்கிறது.
அது பிடித்துக்கொண்டது.
உள்ளே ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் சொல்லி
சேதி மதகுக்குப் போயிற்று.

செம்பரம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.
தெருவில் மழை விட்டு வெயிலடித்தாலும்
ஷட்டரைத் தூக்கினால் ஆறு பெருகும்.
தட்டில் நான் கால்சியம் வைக்கவில்லை.
இருந்தும் திரையில் பச்சை ஏறியது:
நாலு, ஒன்பது, பன்னிரண்டு,
பிறகு எண்ண முடியாத வேகத்தில் இருபதுகள்.
வெள்ளம் உள்ளிருந்த ஏரியுடையது.

கானகத்தில் எங்கள் சந்துக்குள் லாரி நுழையாது.
முனையில் நின்று ஒரு ஹாரன்.
அது முதல் வீட்டு அஞ்சுகத்துக்கு மட்டும் கேட்கும்.
அவள் குடத்தை வாசற்படியில் இடிப்பாள்.
அதைக் கேட்டு மார்த்தா எழுந்து
அடுத்த கதவைத் தட்டுவாள்.
ஹாரன் எப்போதோ செத்துவிட்ட தூரத்தில்
என் கதவு தட்டப்படும்,
பக்கத்து வீட்டுக் கையால்.
அலையும் இப்படித்தான்.
முதலில் சிந்தியது அத்தனை தூரம் போகாது.
கேட்ட செல்
தன் மடியிலிருந்தும் கொஞ்சம் சிந்த வேண்டும்.

பதினேழு மட்டும் ஒளிரவில்லை.
சுற்றிலும் பச்சை. அதன் கோடு
பனைமட்டைக் காம்பு மாதிரி நேராகக் கிடக்கிறது.
"சாயம் ஏறியிருக்காது, சராசரியிலிருந்து தூக்கிடு"
என்பாள் பெனாசிர் காலையில்.
சரியாகத்தான் இருக்கும்.
ஏற்பி இல்லாமலும் இருக்கலாம்.
இருந்தும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை
என் கதவு தட்டப்பட்டபோது
நான் விழித்துத்தான் கிடந்தேன்.
திறக்கவில்லை.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீடு.
அன்று அவர்களுக்குத் தண்ணீர் கிடைத்ததா,
இன்றுவரை விசாரிக்கவில்லை.

திரையில் பச்சை வடிகிறது.
வடிவதும் இலவசமில்லை.
கால்சியத்தை ஏரிக்குத் திரும்ப இறைக்கும் பம்புக்கு
அதே ஏ.டி.பி.தான் கூலி.
இறைக்காமல் விட்டால் செல் தன் வெள்ளத்திலேயே சாகும்.
கூச்சலுக்கும் அமைதிக்கும்
ஒரே உண்டியல்.

நோட்டில் எழுதுகிறேன்:
இரண்டு மணி பத்து நிமிடம். கைப்பிழை. எண் 3 இறந்தது.
அலை வந்தது, ஓட்டம் செல்லாது.
எண் 17, பதில் இல்லை.
அடுத்த வரியில், பென்சிலால்:
நீக்க வேண்டாம்.

வெளியே வந்தால்
பெயின்ட் டப்பா விளிம்புவரை ஏறி
தரையில் மெல்லக் கசிகிறது.
யாருடையதென்று தெரியவில்லை.
கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து வைத்தேன்.