வார்

ஓரம் உரிந்து உள்ளே அட்டை தெரிகிறது.
அசல் தோல் என்றுதான் விற்றான்
பாரிமுனை நடைபாதைக்காரன்.
மேலே தோல், கீழே தோல், நடுவில் ஏதோ அட்டை.
முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

சென்னை வியர்வைக்குத் தோல் வார் ஆகாது,
ஸ்டீல் செயின் மாட்டு என்கிறாள் செலின்.
என்னுடையதைத் தின்றது வியர்வை இல்லை,
டயாலிசிஸ் வார்டின் சானிடைசர்.
ஒரு ஷிப்டுக்கு அறுபது தடவை.
கொக்கிப் பக்கம் வெளுத்து வெடித்து
மொட்டை மாடியில் மறந்துபோன வடாம் மாதிரி.

போன செவ்வாய், ஆறாம் படுக்கை.
ஊசியை உருவி, பஞ்சை வைத்து
அழுத்திப் பிடித்திருக்கிறேன்.
வாட்ச் நழுவி
காஜா மைதீன் வயிற்றின் மேல் விழுந்தது.
"உங்க டைம் என்கிட்ட வந்துடுச்சு சிஸ்டர்."
பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது.
விநாடி முள்ளை அவரே பார்த்து
நிமிடம் நிமிடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்,
எட்டை மட்டும் இரண்டு தடவை.

புது வார் முந்நூற்றைம்பது.
அதற்காக இல்லை.
அதற்காகவும்தான்.

பெரியமேட்டில் துண்டுத் தோலை எடை போட்டு விற்கிறார்கள்.
வாட்ச் வாருக்கு என்றதும்
கடைப் பையன் தராசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
விரல் நீளத்தில் ஒன்றைப் பொறுக்கி
"காசு வேணாம், போங்கக்கா" என்றான்.

ஞாயிறு. அயனாவரம், இரண்டாவது மாடி.
தண்ணி லாரி வருவதற்குள் முடித்தாக வேண்டும்.
பழைய நூலை பிளேடால் அறுத்தேன்.
அட்டை பொடிப் பொடியாக வந்தது.
காலண்டர் அட்டை போலிருக்கிறது,
ஒரு துணுக்கில் எந்தக் கடையின் போன் நம்பரோ,
கடைசி நாலு எண் மட்டும்.

பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய சொல்யூஷன்,
துணி கிளிப் நாலு,
மதிவதனியின் காம்பஸ்
(மறக்காமல் ஸ்கூல் பையில் வைத்துவிட வேண்டும்),
டிசம்பர் புயலில் மிஞ்சிய மெழுகுவத்தியில்
இழுத்து இழுத்து மெழுகேற்றிய நூல்.

ஊசி போடுவதுதான் என் தொழில்.
பதினாறாம் நம்பர் ஊசி, நாளைக்குப் பதினெட்டு முறை.
தோல் எங்கே விடும், எங்கே விடாது என்று
விரலுக்குத் தெரியும்.
இந்தத் தோல் விடவில்லை.
ஒரு தையல் ஊசி வளைந்தது. இன்னொன்று முறிந்தது.
மூன்றாவதைக் காம்பஸ் போட்ட துளையில் வைத்து அழுத்தியபோது
"லேசா வலிக்கும், மூச்சை விடுங்க"
என்று சொல்லிவிட்டேன், வாரிடம்.
மதி டிவியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் வெளியே வந்த ஊசி
என் கட்டைவிரலில் ஏறியது.
பஞ்சு. அழுத்தம்.
நேரம் பார்க்க இடது கையைத் திருப்பினால்
வெறும் மணிக்கட்டு.
வார் இருந்த இடம் மட்டும்
வேறு யாருடைய நிறமோ போல.

இருபத்திரண்டு தையல்.
கடைசி ஐந்தும் கோணல்,
லாரி ஹார்ன் அடித்துவிட்டது.

மறுபடி செவ்வாய்.
காஜா மைதீன் என் முகத்துக்கு முன்னால் வாட்சைப் பார்த்தார்.
தோல் மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவராம்,
இன்றைக்குத்தான் சொல்கிறார்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவினார். முகர்ந்தும் பார்த்தார்.
"சிஸ்டர், இது மாடு.
நீங்க வச்சுத் தைச்சது ஆடு."
அதனால் என்ன ஆகும் என்றேன்.
"ஒண்ணு இழுக்கும், ஒண்ணு இழுக்காது.
கொஞ்ச நாள் சண்டை போட்டுக்கும்."

கையை நீட்டினார்.
முழங்கைக்குக் கீழே, மூன்று வருஷத்துக்கு முன்
தமனியையும் சிரையையும்
சேர்த்துத் தைத்த இடம்
கயிறாய்ப் புடைத்திருக்கிறது.
ஊசிக்கு முன் தொட்டுப் பார்க்க வேண்டும், விதி.
தொட்டேன்.
விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது,
பக்கத்து வீட்டில் மோட்டார் போட்ட மாதிரி.

"இன்னிக்கு எத்தனை மணிக்கு விடுவீங்க?"
பதினொன்று இருபது என்றேன்,
மணிக்கட்டை
அவருக்கும் தெரிகிற பக்கமாகத் திருப்பி.